மூன்று கூறு

நோன்புக் கஞ்சி வீடு தேடி வந்தால்தான் ஜெனோவாவுக்கு நோன்பு மாதம் பிறந்ததாகக் கணக்கு. அவள் நோன்பு பிடிக்கிறவள் அல்ல. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவர் காது அடைத்துப்போகும்படி பாடுகிறவள். இருபத்தைந்து வருஷம் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறிய தொண்டை அது, சன்னமாகப் பாடத் தெரியாது. ஆளில்லாப் படகுகள் தாமாகக் கடலுக்குப் போய்த் தாமாக மீனோடு திரும்பும் காலம் வந்த பிறகும், வெள்ளோடைத்துறையில் ஏலம் மட்டும் மனிதக் குரலில்தான் நடந்தது. இயந்திரம் விலை சொன்னால், வாங்குகிறவனுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விடுகிறதே!

ஒவ்வொரு வருஷமும் முதல் நோன்பு அன்று, பொழுது இறங்கும் முன்னால் சதக்கத்துல்லா தூக்குவாளியோடு வாசலில் நிற்பான். தன் வீட்டில் ஒருவரும் வாய் வைக்கும் முன் முதல் தூக்கு 'பாலும்மா'வுக்கு. பேச்சு வந்த நாளில் அவனே அவளுக்கு வைத்த பெயர் அது. அவன் பிறந்தபோதே அவனைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதே வாரம் ஜெனோவாவின் முதல் குழந்தை மூச்சு விடாமலே பிறந்தது. பால் கட்டிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளிடம் அடுத்த தெருக்காரரான அவன் வாப்பா பிள்ளையைக் கொண்டுவந்தார். மடியில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

ஒன்றரை வருஷம் அவன் அவளிடம் பால் குடித்தான். அதற்கப்புறம்தான் அன்ஸிலா பிறந்தாள். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள் என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ளது. ஆகவே அன்ஸிலாவுக்கு அவன் காக்கா. மாதா கோயிலில் நடந்த அவள் கல்யாணத்தில் அண்ணன் முறை செய்ததும் அவன்தான். ஊரில் யாராவது ஜெனோவாவைக் காட்டி, "ரெண்டு வீட்டுப் பிள்ளைக்குப் பால் குடுத்த மகராசி" என்று சொன்னால், அவள் காது கேளாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அந்த ஒரு சொல்லுக்காகவே உயிரோடு இருக்கலாம் என்று தோன்றும்.

இந்த வருஷம் தூக்குவாளியோடு வந்தது சதக் அல்ல. அவன் மனைவி ஃபாயிஸா. இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை.

"அவன் எங்கட்டி?"

"கட்டிலை விட்டு எந்திரிக்க முடியலை மாமி. போகாதான் ஈரல்ல ஏறிட்டுதாம்."

போகாதான் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வடக்கே ஒரு காலத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. துணியில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோட ஒரு பூச்சு செய்தார்கள். அந்தப் பூச்சின் கழிவு மண்ணில் இறங்கிக் கிணற்றில் கலந்து, குடித்தவர் உடம்பில் ஏறியது. ஏறினால் இறங்காது. வாடகையும் தராமல் வீட்டையும் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரனைப் போன்றது. அதற்கு வாயில் நுழையாத ஒரு நீளமான பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் போகாதான் என்று கூப்பிட்டார்கள். தொழிற்சாலையை மூடி, குழாயில் வெளியூர்த் தண்ணீர் வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. குடியேறியவன் மட்டும் அப்படியே இருந்தான்.

ஃபாயிஸா உட்காரவில்லை. சொல்லவந்ததைச் சொல்லிவிட்டால் போதும் என்பது போல் வேகமாகப் பேசினாள்.

"புது வைத்தியம் வந்திருக்கு மாமி. பொருத்தமான ஒரு ஆளோட சேத்துப் படுக்க வச்சு, ஒருத்தர் உடம்புல இருக்கறதை ரெண்டு பேருக்குமா பங்கு போட்டுருவாங்களாம். பொருத்தம்னா, ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்களா இருக்கணுமாம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுக்காரருக்குப் பொருத்தம் கிடைக்க வழியில்லைம்மா, அவரைப் பொட்டிப்பால்ல வளத்திருக்காங்க, அவரே சொன்னாரு'ங்கறாங்க."

"பொட்டிப்பாலா? டப்பா மாவைக் கரைச்சா அவனை வளத்தோம்?"

"ஆமா மாமி. வீட்டுக்கு வந்து ஏன் இப்படிச் சொன்னீங்கன்னு கேட்டா, வாயைத் திறக்கக்கூடாதுன்னு பிள்ளை தலையில என் கையை வச்சு சத்தியம் வாங்கிட்டாவ. டாக்டர்ட்ட சொல்லமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். உங்கள்ட்ட சொல்லமாட்டேன்னு பண்ணலை."

ஜெனோவாவுக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். தன்னிடம் குடித்த பாலை இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டான்! முப்பத்துமூன்று வருஷம் ஊரெல்லாம் பாலும்மா பாலும்மா என்று கூவிவிட்டு, உயிர் போகிற நேரத்தில் பொட்டிப்பாலாம். கஞ்சியைத் திறக்காமலே மேஜையில் வைத்தாள். அன்ஸிலாவைக் கூப்பிட்டாள். அலையாத்திச் செடி நாற்றுப்பண்ணையில் வேலை முடிந்து சேற்றுக்காலோடு வந்த மகளை முகம் கழுவக்கூட விடாமல் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பேருந்தில் போவது என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் நறுமுகைக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஜெனோவாவின் குரல் கூடத்தைத் தாண்டி அறைக்குள் வந்தபோதே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பொட்டிப்பால்னு போட்டு வச்சிருக்கீங்களாமே, அதை அழிங்க. அவன் குடிச்சது என் பால். இந்தா நிக்கா என் மவ, அவளும் அதைத்தான் குடிச்சா. பொருத்தம் வேணும்னீங்கள்ல? எடுத்துக்கோங்க."

டாக்டர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டதாகத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

"உக்கார வரலை. ஏன் அப்படிச் சொன்னான்னு தெரிஞ்சாகணும்."

"அது அவர் சொல்ல வேண்டியது. நான் சொல்லக்கூடாது."

அன்ஸிலா அம்மாவைப் போலச் சத்தம் போடுகிறவள் அல்ல. பொறுமையாகக் கேட்டாள். "டாக்டர், ஒரே பால் குடிச்சிருந்தா ஏன் பொருந்துது? அதைச் சொல்லலாம்ல?"

"சொல்லலாம்." டாக்டருக்கு அந்தக் கேள்வி ஆறுதலாக இருந்தது. "இந்த ரசாயனம் சும்மா ரத்தத்துல மிதக்கறதில்லை. ஈரல் சுரக்கிற ஒரு புரதத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். எந்த வடிகட்டியிலயும் பிடிக்க முடியலை. ஆனா உயிரோட இருக்கிற இன்னொரு ஈரல் அதே வார்ப்புல புரதம் சுரந்தா, அங்க தாவும். நிறைய இருக்கற இடத்துலேருந்து குறைவா இருக்கற இடத்துக்கு, ரெண்டும் சமமாகிற வரைக்கும். அந்த வார்ப்பு பால் குடிக்கிற வயசுல உண்டாகிறது. தாயோட வார்ப்பு பால் வழியாப் பிள்ளைக்கு வருது."

"போகாதான் அவருக்கு எப்ப ஏறுச்சுன்னு தெரியுமா?"

டாக்டர் தயங்கினார். பிறகு, மறைத்தால் இவள் வேறு எங்காவது கேட்டுத் தெரிந்துகொள்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, சுவரில் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "பல்லுக்குள்ள வருஷத்துக்கு ஒரு அடுக்கா படியும். ஒளி விட்டு அதை வாசிக்கலாம். இது சதக்கத்துல்லாவோட பல்."

கோடு ஒன்று இடப்பக்கம் மலைபோல் எழும்பி, பிறகு இறங்கி, கடைசிவரை தரையோடு தரையாகப் போயிற்று.

"இந்த மேடு எந்த வயசு?" என்றாள் அன்ஸிலா. டாக்டர் திரையை மறுபடி சுவர்ப்பக்கம் தள்ளினார். அன்ஸிலாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றாள்.

ஜெனோவா நகரவில்லை. "பிறந்ததுலேருந்து ஒன்றரை வயசு வரைக்கும். அப்படித்தானே?" என்றாள். அவள் குரல் இவ்வளவு தணிந்து அன்ஸிலா கேட்டதே இல்லை. "அந்த வயசுல அவன் வேற ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர். என் பாலைத்தானே குடிச்சான்."

டாக்டர் அவளை உட்காரவைத்து, அருகில் உட்கார்ந்தார். "அம்மா, இது உங்க தப்பு இல்லை. நீங்க அந்தக் கிணத்துத் தண்ணியிலயே பிறந்து வளந்தவங்க. இருபது வருஷத்துக்கு மேல உங்க உடம்புல சேந்து கிடந்தது. ஒரு தாய் முதல்முதலா யாருக்குப் பால் குடுக்கறாங்களோ, அந்தப் பிள்ளைக்குப் பெரும்பங்கு போயிடும். அடுத்த பிள்ளைக்கு மிச்சம்தான் வரும்."

அடுத்த பிள்ளை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். இந்த முப்பது வயதுக்குள் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. டாக்டர் அவள் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். கருவி பச்சையாக எரிந்தது. அந்த ஊர் ரத்தத்தில் அவ்வளவு பச்சையை அவர் பார்த்ததே அபூர்வமாம்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனோவா மேஜையில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தாள். நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. வருஷா வருஷம் வாங்கி, மூடியைத் திறந்து, வாசனை பிடித்து, "இஞ்சி பத்தலைல" என்று குறை சொல்லிக் குடித்த கஞ்சி. அவ்வளவும் தான் கொடுத்த நஞ்சுக்கு அவன் சொன்ன நன்றி. இறந்து பிறந்த முதல் பிள்ளைக்காக அழாத அழுகை எல்லாம் சேர்த்து அன்று அழுதாள். அன்ஸிலா சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

அழுது முடித்ததும் அன்ஸிலாதான் முதலில் எழுந்தாள். "காக்கா ஏன் பொய் சொன்னாங்கன்னு இப்பத் தெரியுதாம்மா? பொருத்தம் தேட ஆரம்பிச்சா உனக்கு விஷயம் தெரிஞ்சிரும். உனக்குத் தெரியாம இருக்கணும்னு சாகத் துணிஞ்சிருக்காங்க."

ஜெனோவா முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "கிறுக்குப் பய. கிளம்புட்டி."

சதக் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தான். கண்ணும் நகமும் மஞ்சள். கையில் கால்சட்டை போடாத தன் மகனைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பாலும்மா. கஞ்சி எப்படி? இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போச்சோ?"

"பொட்டிப்பால் குடிச்சவனுக்கு நான் என்னல பாலும்மா?"

அவன் மனைவியைப் பார்த்தான். ஃபாயிஸா உத்தரத்தைப் பார்த்தாள். பல்லி ஒன்றும் அங்கே இல்லை.

"டாக்டர்ட்ட போயிட்டு வாரேன்" என்றாள் ஜெனோவா. "பல்லையும் பாத்தாச்சு, மேட்டையும் பாத்தாச்சு. எங்கிட்டச் சொல்லாமலே செத்துப் போகலாம்னு இருந்தியோ?"

சதக் மகனை ஃபாயிஸாவிடம் கொடுத்தான். "சொல்லி என்ன ஆகப்போகுது பாலும்மா? மகராசின்னு யாராச்சும் உங்களைச் சொன்னா, உங்க மொகம் எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன். கேக்காத மாதிரி நிப்பீங்க, காது மட்டும் செவந்திரும். அதைப் பறிச்சுட்டு நான் உசிரோட இருந்து அந்த உசிரை எங்க வச்சுக்கறது?"

"நஞ்சு குடுத்தவளுக்கு என்னல மகராசி? அதுக்கா முப்பது வருசமா கஞ்சி தூக்கிட்டு வந்த?"

"அந்த வருசம் நம்ம ரெண்டு தெருவுலயும் பொட்டிப்பால் குடிச்ச பிள்ளைங்க யாரு யாரு? சொல்லுங்க பாப்போம்."

அவள் எதற்கு என்று புரியாமல் யோசித்தாள். தையல்காரர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள். ஐஸ் கம்பெனிக் காவலாளி மகள். பள்ளிவாசல் மோதினாருடைய பேரன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. பிள்ளைக்காய்ச்சல் என்று சொன்னார்கள் அப்போது. அந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான் ஊர் கூடித் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தது, அதை மூடவும் வைத்தது.

"மாவை அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் கரைச்சாங்க" என்றான் சதக். "டாக்டர்ட்ட கேட்டேன். அந்தத் தண்ணி நேரா எனக்கு வந்திருந்தா நான் நடக்கக்கூடப் பழகியிருக்க மாட்டேனாம். நீங்க குடிச்சு, உங்க உடம்பு தாங்கிக்கிட்டது போகத்தான் எனக்கு வந்துச்சு. நஞ்சும் வந்துச்சு, முப்பத்துமூணு வருசமும் வந்துச்சு. ஃபாயிஸா வந்தா, இந்தப் பய வந்தான். நான் கஞ்சி தூக்கினது அதுக்கு. இப்பவும் ஒண்ணும் மாறலை."

ஏலக்கூடத்தில் ஐம்பது பேரை ஒரே மூச்சில் அடக்குகிற ஜெனோவா, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்ஸிலாதான் குறுக்கே வந்தாள்.

"அதெல்லாம் சரி காக்கா. என் பங்கையும் சேத்துத்தானே குடிச்சீங்க? எங்கிட்டக் கேட்டுட்டா குடிச்சீங்க? நானும் கேக்காமத்தான் எடுத்துக்கப் போறேன். என்னிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க."

"போ தங்கச்சி. நீ சுத்தமா இருக்க. பிள்ளை பெறணும்னு இருக்க. உன்னைக் கெடுத்துட்டு எனக்கு எதுக்கு?" அவன் முகம் இறுகிவிட்டது. "முடியாது. இதைப் பத்திப் பேசவேண்டாம்."

அப்போதுதான் ஜெனோவாவுக்குக் குரல் திரும்பியது. "சரி. அப்ப இனிமே உன் கஞ்சி எங்க வீட்டுக்கு வரக்கூடாது."

சதக் அடிபட்டவன் போல் நிமிர்ந்தான்.

"ஆமால. நீயே நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாயடைச்சுப் போட்டுட்ட. என் மவ ஒரு நோய்நொடி இல்லாம நிக்கா. அதுக்கு நான் யாருக்குச் சொல்லணும்னு இத்தனை வருசம் தெரியாம மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்தேன். இப்பத் தெரிஞ்சிட்டு. நன்றி சொல்ல எனக்கும் ஒரு தடவை விடுல. ஒரே ஒரு தடவை. எப்பவும் நீ மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா, அது என்ன நியாயம்?"

சதக் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஃபாயிஸா ஓடிவந்து, அழுகிறானா இருமுகிறானா என்று பார்த்தாள். இரண்டும்தான்.

அவன் சம்மதித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஜெனோவா நினைத்திருந்தாள். மருத்துவமனையில் டாக்டர் நறுமுகை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டாப் பிரிச்சாலும் அபாயக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலதான் நிக்குது. அவருக்குச் சில வருஷம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். அன்ஸிலாவும் கோட்டைத் தாண்டிருவாங்க. நாளைக்கு அவங்க ஈரலும் கெடலாம்."

"பாத்தீங்களா?" என்றான் சதக். சக்கர நாற்காலியைத் திருப்பச் சொல்லி ஃபாயிஸாவுக்குக் கை காட்டினான்.

ஏலக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சின்ன மீனை நிறுக்கமாட்டார்கள், தரையில் கூறு கூறாகக் குவித்து வைப்பார்கள். படகுக்காரர்கள் தங்களுக்குள் பங்கு பிரிக்கும்போது ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு குவியலாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் பெயர் சொல்வார். எவர் கூறு பெரிசு, எவர் கூறு சிறிசு என்று எவரும் முணுமுணுக்க வழியில்லை. கூறு ரொம்பப் பெரிதாகிவிட்டால் ஆளைக் கூட்டுவார்கள். ஜெனோவா பிறந்ததிலிருந்து பார்த்துவந்த சங்கதி அது.

"டாக்டர், வார்ப்பு தாய்கிட்டேருந்து வருதுன்னீங்கள்ல? அப்போ எனக்கும் பொருந்தும். மூணு கூறாப் போடுங்க."

"நானும் நினைச்சேன்ம்மா" என்றார் டாக்டர். "அன்னிக்கு நீங்க என் அறையை விட்டுப் போனதுலேருந்து நினைச்சிட்டுதான் இருக்கேன். மூணு பேரை இணைக்கலாம், கருவி தாங்கும். மூணாப் பிரிச்சா எல்லாரும் கோட்டுக்குக் கீழ வந்துருவீங்க. ஆனா ஐம்பது வயசுக்கு மேல பங்காளியா எடுக்கக் கூடாதுன்னு விதி. அது உங்களைக் காப்பாத்தறதுக்காக இருக்கற விதி."

"என்னைக் காப்பாத்தினவன் இந்தா உக்காந்திருக்கான். விதி எதுக்கு எனக்கு?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிட்டு நெடுநேரம் கழித்து வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரியின் ஈரல், நாற்பது வயதுக்காரியின் ஈரல் போல இருந்தது. அதில் சேர்ந்து கிடந்ததை ஒரு கைக்குழந்தை என்றோ உறிஞ்சி எடுத்துக்கொண்டுவிட்டதே! விதி வயதைச் சொல்கிறதா, ஈரலின் வயதைச் சொல்கிறதா என்று மேலிடத்தோடு டாக்டர் சண்டை போட்டு அனுமதி வாங்கினார். ஏலம் கூறப் போயிருக்க வேண்டிய பெண் என்று ஜெனோவா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துக்கு முன் டாக்டர் அன்ஸிலாவைத் தனியாக அழைத்து ஒன்று சொன்னார். கோட்டுக்குக் கீழே என்றாலும் இனி அவள் உடம்பு பச்சை இல்லை. பிள்ளை பெறலாம், கருவில் போவது மிகக் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அன்ஸிலா தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, "எங்க காக்காகிட்ட இதைச் சொல்லவேண்டாம்" என்றாள். இந்த வீட்டுக்காரர்கள் எல்லோருமே ஒருவரிடம் ஒருவர் மறைப்பதில் கெட்டிக்காரர்கள் என்று டாக்டருக்குப் பட்டது.

மூன்று கட்டில்களை நெருக்கிப் போட்டார்கள். நடுவில் சதக். மூவர் கையிலிருந்தும் போன குழாய்கள் தலைமாட்டில் இருந்த ஒரு பெட்டிக்குள் சேர்ந்து திரும்பி வந்தன. எதிர்ச்சுவரில் மூன்று கோடுகள். ஒன்று உச்சியில், இரண்டு அடியில்.

"எது யாரோடதுன்னு பேர் போடட்டுமா?" என்று கேட்டாள் செவிலிப்பெண்.

"வேண்டாம் தாயி. கூறுல பேர் போடற வழக்கம் இல்லை" என்றாள் ஜெனோவா.

உச்சிக்கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது. அடியில் இருந்தவை ஏறின. ஜெனோவா கண் சிமிட்டாமல் பார்த்தாள். தன் உடம்புக்குள் நஞ்சு ஏறுவதை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தால் பயம் வரவேண்டும். அவளுக்கு வந்தது நிம்மதி. தன்னிடமிருந்து போனது தன்னிடமே வருகிறது. அது யார் வீட்டிலோ தங்கி அவர்களைப் பாடாய்ப் படுத்தியது போதும். பக்கத்துக் கட்டிலில் சதக்கின் கை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பால் குடிக்கும்போது அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்வானே, அந்தப் பிடி இப்போதும் மாறவில்லை.

மத்தியானம் ஆயிற்று. கோடுகள் நெருங்கி வந்தன. இடையில் ஒரு நூலளவு இருக்கும்போது ஜெனோவா தன்னையறியாமல் ஏலக்குரலை எடுத்துவிட்டாள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"பாலும்மா, இது ஆஸ்பத்திரி" என்றான் சதக்.

"மூணு தரம்!"

மூன்றும் ஒரே கோடாயின. அபாயக் கோடு அதற்கு மேலே சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. தூக்கிவாரிப்போட்டு ஓடிவந்த செவிலிப்பெண், சுவரைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். டாக்டர் நறுமுகை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜலதோஷம் என்றார்.

அதன்பின் காரியங்கள் மெதுவாகத்தான் நடந்தன. சதக்கின் கண்ணில் மஞ்சள் போக வெகுநாள் ஆயிற்று. ஜெனோவாவுக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது, பொரித்த மீன் கூடாது, தினம் ஒரு கசப்பு மாத்திரை. பொரித்த மீன் இல்லாமல் ஒரு மனுஷி எதற்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் புலம்பினாள். சீக்கிரமே களைத்துப்போகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவரும் ஒன்றாகப் பேருந்தேறிப் பரிசோதனைக்குப் போவார்கள். மூவர் கருவியும் ஒரே மஞ்சள்கலந்த பச்சையில் எரியும். கூடப்பிறந்தவர்களா என்று யாராவது கேட்டால் மூவரும் ஆமாம் என்பார்கள்.

மறுவருஷ நோன்புக்கு ஒரு மாதம் முன்பு அன்ஸிலாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அவள் பால் கொடுக்கக் கூடாது என்கிற விஷயம் சதக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. பொட்டிப்பால் டப்பாவைப் பார்த்துவிட்டு, அவன் நேராக வீட்டுக்குப் போனான். சற்று நேரத்தில் ஃபாயிஸா வந்தாள். மலையடிவாரத்து ஊர்க்காரி அவள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறுகூடக் குடித்தவள் இல்லை. அவள் மகன் இன்னும் பால் மறக்கவில்லை. வந்தவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, மடியில் போட்டுக்கொண்டு, மூலையில் திரும்பி உட்கார்ந்தாள். அன்ஸிலா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் அதே போல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது ஜெனோவாவுக்கு நினைவு வந்தது.

முதல் நோன்பு அன்று சதக் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான். எதிரே ஜெனோவா வந்துகொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு தூக்குவாளி. காலையிலிருந்து அரிசியோடும் பருப்போடும் மல்லுக்கட்டி, அடிப்பிடிக்க வைத்து, பாதியைக் கொட்டி, மீதியைக் கொண்டுவந்திருந்தாள்.

"இது என்ன பாலும்மா?"

"கஞ்சி. வழியை விடு."

உள்ளே ஃபாயிஸா, அன்ஸிலாவின் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். "பால் குடுக்கறவளுக்கு நோன்பு இல்லைல்லா? பாங்கு சொல்றவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே குடி. இனிமே வருசா வருசம் முதல் தூக்கு உனக்குத்தான்."

ஃபாயிஸா குனிந்து ஒரு வாய் குடித்தாள். உப்பு கரித்தது. கண்ணில் நீர் கட்டியது உப்பாலா என்று சொல்ல முடியாது. அவள் மடியில் இருந்த பிள்ளை தன் சின்ன விரல்களால் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

சதக் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தான். "அப்போ எனக்கு?" என்றான் சிறுபிள்ளை போல.

ஜெனோவா தூக்கைச் சாய்த்து அடியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தாள்.

"உனக்கு ரெண்டாவதுதான்ல. ஒரு தடவை நீ முதல்ல குடிச்சது போதும்."